மார்சலி வீட்டு மக்நீல்கள்

ஏணியில் நின்று வம்சப் படத்தின் கடைசி முழத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் பெர்னடெட் தன் வீட்டைக் கண்டுபிடித்தாள். தேவாலயப் பங்கு மண்டபத்தின் மேற்குச் சுவர் முழுக்க அந்தக் காகிதம்தான். மேடைப் பக்கம் கப்பலில் வந்திறங்கிய நான்கு சகோதரர்களில் தொடங்கி, ஜன்னல்களுக்கு மேலே ஏறி இறங்கி, சமையலறைக் கதவு வரை வந்து நின்றது. எண்ணூற்றுச் சொச்சம் பேர், அத்தனை பேரும் மக்நீல். எல்லாப் பெயரும் இன்னொரு பெயரிலிருந்து கறுப்புக் கோடு பிடித்து இறங்கியிருந்தது. அவள் வீடு மட்டும் கதவுக்கு மேலே தனியாக இருந்தது. உச்சியில் மார்சலி என்று ஒரு பெயர், பக்கத்தில் கேள்விக்குறி. அதன் கீழே அலெக், ஹெக்டர், முர்டாக், கடைசியில் பெர்னடெட். மார்சலிக்கு மேலே புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு கிளம்பி, ஒரு சாண் தூரம் போய், எங்கேயும் சேராமல் நின்றுவிட்டது.

அவள் இறங்கவில்லை. பசை காய்கிறவரை காகிதத்தைப் பிடித்துக்கொண்டே அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். பதினொன்று இருந்தன.

"ஜெரார்ட், இது என்ன?" என்றாள்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஜெரார்ட் மக்நீல் டொரான்டோவில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு வருஷமாக இந்தப் படத்துக்காகவே மூன்று நாட்டு ஆவணக் காப்பகங்களில் தூசி தின்றவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் காகிதத்தில் இல்லாத எதையும் அவர் நம்ப மாட்டார்.

"மார்சலி யாரோட மகள்னு எங்கயும் பதிவில்லைங்க. பழைய கோவில் எரிஞ்சப்போ ஞானஸ்நானப் புத்தகமும் போயிடுச்சு. அலெக்குக்கு அப்பாவும் தெரியாது. சும்மா ஒரு கோட்டை இழுத்து விட்டா நாளைக்கு யாராவது கேட்பாங்க இல்லையா? புள்ளி வச்சா நேர்மையா இருக்கும்னு நினைச்சேன்."

"நாங்க இருநூறு வருஷமா இந்தக் கரையிலதான் இருக்கோம்."

"இருக்கீங்க. அது யாருக்கும் சந்தேகமில்லை. ஆனா யார் வழியில இருக்கீங்கன்னு ஆதாரம் வேணும்."

பெர்னடெட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இருபத்தேழு வருஷமாக ஏரியைச் சுற்றி அந்தச் சாலையில் காலையும் மாலையும் போய் வருகிறாள். அவள் பட்டியலில் இருக்கும் முப்பத்தொரு குழந்தைகளில் பதினான்கு பேர் மக்நீல். அதில் மூன்று பேர் ரோரி மக்நீல். அதனால்தான் அந்த ஊரில் பதிவுப் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ரோரி என்றால் எந்த ரோரி என்று கேள்வி வரும். கொல்லன் வீட்டு ரோரியா, சிவப்பு டான் பேரன் ரோரியா, பாஸ்டன்காரி மகன் ரோரியா? தபால்காரருக்குக்கூட அப்படித்தான் சொல்ல வேண்டும். பெர்னடெட் கட்டிக்கொண்டது ஒரு மக்கின்னன் வீட்டு ஆளை. அதை ஊரில் ஒருவரும் சட்டை செய்யவில்லை. அவர் இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, அவள் மார்சலி வீட்டுப் பெர்னிதான்.

அந்தப் பெயரின் மீது அவளுக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. மக் என்றால் மகன். நீலின் மகன். அந்த நீல் ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் அயர்லாந்தில் இருந்த அரசன் என்று அவள் அப்பா சொல்வார். நிரூபிக்க ஒரு துரும்பு கிடையாது. அதற்காக அவர் குரல் ஒரு இழை தாழ்ந்ததும் கிடையாது. அரசன் வழியில் வந்தவர்கள் கடலைத் தாண்டி ஸ்காட்லாந்தின் மேற்கே பாரா தீவுக்குப் போனார்கள், கடலுக்குள் பாறை மேல் கோட்டை கட்டிக்கொண்டார்கள். பிரளயம் வந்தபோது நோவா பேழையில் இடம் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினாராம், எங்களிடம் சொந்தப் படகு இருக்கிறது என்று மக்நீல் பதில் அனுப்பினானாம். இந்தக் கதையைச் சொல்லாத மக்நீலை அவள் பார்த்ததில்லை. பிறகு வாடகை ஏறி, நிலம் போய், கப்பல் ஏறி, கனடாவின் இந்தக் கேப் பிரெட்டன் தீவின் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கிருந்து பாஸ்டனுக்குத் தச்சு வேலைக்கும் ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய் வேலைக்கும் போனார்கள். இந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் நடக்கப்போகும் மக்நீல் கூடுகைக்குப் பதிவு செய்தவர்களின் ஊருக்கெல்லாம் உலக வரைபடத்தில் குண்டூசி குத்தி வைத்தது அவள்தான். பாராவில் குத்த இடம் போதவில்லை. கிளாஸ்கோவும் அப்படியே. நியூசிலாந்தின் தெற்கு முனையில் ஒன்று குத்தியபோது தன்னை அறியாமல் சிரித்துக்கொண்டாள். இத்தனை தூரம் போயும் ஒருத்தன் பெயரை விடவில்லை பார் என்று நினைத்தாள்.

இத்தனை ஊசி குத்தியவளுக்கு மண்டபச் சுவரில் பதினொரு புள்ளி.

வீட்டுக்குப் போனபோது அப்பா அடுப்படி மேஜையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். முர்டாக்குக்கு எண்பத்தாறு வயது. ரயில்வேயில் தண்டவாளம் பார்த்த கைகள். நாற்காலியின் முதுகில் புதுச் சட்டை ஒன்று, விலைச்சீட்டு கிழிக்காமல் தொங்கியது. சனிக்கிழமை கூடுகையில் வழி சொல்ல அவர் எழுந்து நிற்கும்போது போட்டுக்கொள்ள வாங்கியது.

வழி சொல்வது என்பது அங்கே சாதாரண காரியமில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் எழுந்து, தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று பின்னாலேயே போய்க் கப்பல் வரைக்கும் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகு மண்டபம் ஒரு மூச்சு நேரம் வாயைத் திறக்காது. மறுப்பு இருப்பவர் அப்போது எழுந்து நிற்கலாம். யாரும் எழவில்லை என்றால் அது உண்மை, அதற்கு மேல் பேச்சில்லை. ஒரு முறை பாஸ்டனிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர் கோட்டும் டையுமாகச் சொல்லி முடித்ததும் மூன்று கிழவிகள் ஒன்றாக எழுந்து, நீங்கள் சொல்லும் ஆங்கஸ் கல்யாணமே ஆகாமல் செத்தவர் ஐயா என்று சொல்லிவிட்டார்கள். பாவம், அவர் சாப்பிடாமலே போய்விட்டார்.

பெர்னடெட் புள்ளிக்கோட்டைப் பற்றிச் சொன்னாள். அப்பா கத்தியை நிறுத்தவில்லை.

"கப்பல் ஸ்டீவன் பார்த்தானா?"

"இன்னும் இல்லை. நாளைக்குப் பார்ப்பார்."

"நல்லாப் பார்க்கட்டும். எண்பது வருஷமா அதைத்தானே சொல்றான்."

கப்பல் ஸ்டீவனின் வீடு சாலைக்கு அந்தப் பக்கம். நான்கு சகோதரர்களில் ரோரிதான் கப்பலிலிருந்து முதலில் கரையில் கால் வைத்தவர், ரோரியின் மூத்த மகன் இயன், இயனின் மூத்த மகன் ஆலன், அந்த ஆலனின் கொள்ளுப்பேரன் நான் என்று ஸ்டீவன் வாய்க்கு வாய் சொல்வார். ஊர் அவருக்குக் கப்பல் என்றே பெயர் வைத்துவிட்டது. அவரும் முர்டாக்கும் ஒரே வகுப்பு. ஏழு வயதில் ஸ்டீவன், நீங்கள் மார்சலிக் கூட்டம், உங்களுக்குக் கப்பல் கிடையாது, நீந்தித்தான் வந்திருப்பீர்கள் என்று சொல்லப் போக, முர்டாக் அவர் முன்பல்லை எடுத்துவிட்டார். அந்த இடைவெளி இன்னும் இருக்கிறது. வைக்கோல் வெட்டுகிற காலத்தில் இருவரும் ஒரே டிராக்டரைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆனால் கோவிலில் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள்.

"அப்பா, மார்சலி யாரோட மகள்? உங்களுக்குத் தெரியுமா?"

சின்ன வயதில் இதே கேள்விக்கு, அதற்கு அப்புறம் கப்பல், அவ்வளவுதான் என்று பதில் வரும். இந்த முறை அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"தெரியும்."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்." அவர் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "வயித்துல பிள்ளையோட நின்னப்போ அவ அப்பன் அவளைப் பனியில வெளிய அனுப்பினான். ஊருக்குப் பின்னால காட்டுல மரம் வெட்டறவங்க போட்டுட்டுப் போன குடிசையில போய் இருந்தா. குழந்தையைத் தூக்கிட்டு ஞானஸ்நானத்துக்குப் போனா, சாமியார் அப்பன் பேர் கேட்டாரு. நான் மக்நீல், இவனும் மக்நீல், எழுதிக்குங்கன்னு சொன்னா. சாமியாரும் எழுதிட்டாரு. சாகும்போது அலெக்கைக் கூப்பிட்டு, உன் வழி என்னோட ஆரம்பிக்குது, எனக்கு மேல அந்த ஆள் பேரை எங்கயும் சொல்லாதேன்னா. அலெக் எங்கப்பாகிட்டச் சொன்னாரு. எங்கப்பா என்கிட்டச் சொன்னாரு. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்ப எனக்கு ஏன் சொல்லலை?"

"உன்கிட்டயும் வாக்கு வாங்கணுமா? என்னோட முடியட்டும்னு விட்டுட்டேன்."

பெர்னடெட் இத்தனை நாளும் அதை வெட்கம் என்று நினைத்திருந்தாள். தகப்பன் பேர் இல்லாத பிள்ளை, அதனால் மூடி வைத்தார்கள் என்று. இப்போதுதான் தெரிந்தது, மூடி வைத்தது வெட்கத்தால் இல்லை. அது கர்வம். நூற்று அறுபது வருஷமாக ஒரு குடும்பமே பல்லைக் கடித்துக்கொண்டு காத்த கர்வம். அவளுக்கு நெஞ்சு விம்மியது. அதோடு கோபமும் வந்தது. மார்சலியின் கர்வம் மார்சலிக்கு. ஆனால் சனிக்கிழமை நானூறு பேர் நடந்துபோய்ப் பார்க்கப் போவது அந்தப் பதினொரு புள்ளிகளை.

"அப்ப நீங்க சனிக்கிழமை நிக்க மாட்டீங்களா?"

"மார்சலியோட நிறுத்தினா ஸ்டீவன் எழுந்திருப்பான். மேல சொன்னா செத்தவளுக்குத் துரோகம். நான் வீட்டுலயே இருக்கேன்."

அவர் மறுபடி கத்தியை எடுத்தார். சீவின கிழங்கையே திரும்பச் சீவினார்.

சனிக்கிழமை வெயில் அடித்தது. மண்டபத்தின் ஜன்னல்களையெல்லாம் திறந்து விட்டிருந்தார்கள். வீட்டில் இருக்கிறேன் என்றவர் காலையில் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஆனால் மண்டபத்துக்கு வந்ததும் இறங்கவில்லை. சமையலறைப் பக்கமாக நிழல் பார்த்து நிறுத்தச் சொல்லிவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். அவள் ஒரு கோப்பை டீயும் இரண்டு ஓட்ஸ் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பாரா தீவிலிருந்து வந்த படகோட்டி ஒருவர் முதலில் பேசினார். பிறகு வீடு வீடாக எழுந்தார்கள். கப்பல் ஸ்டீவன் கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து நின்று, மைக்கேல், டான், ஆலன், இயன், ரோரி என்று மணி அடிப்பதுபோலச் சொல்லிவிட்டு, மூச்சு நேரம் முடிகிறவரை கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நியூசிலாந்துக்காரர் ஒரு பெயரில் தடுக்கினார். பின்னால் இருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஜெரார்ட் கையில் பட்டியலோடு ஒவ்வொரு பெயரையும் டிக் போட்டுக்கொண்டே வந்தார். கடைசிப் பெயரையும் டிக் போட்டுவிட்டு, சாப்பாடு என்று சொல்ல வாயைத் திறந்தார். பட்டியலில் மார்சலி வீடு இல்லை.

பெர்னடெட் எழுந்தாள். எழுந்த பிறகுதான் தான் எழுந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பனிக்காற்றில் முப்பத்தொரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மேட்டில் பேருந்து சறுக்கியபோதுகூட ஸ்டியரிங்கை அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை.

"நான் பெர்னடெட் நிக் நீல்," என்றாள் கேலிக்கில். ஆணுக்கு மக், பெண்ணுக்கு நிக். அரசாங்கக் காகிதத்தில் இல்லாத, கேலிக்கில் மட்டும் மிச்சமிருக்கிற வழக்கம் அது. "முர்டாக் மகள். முர்டாக், ஹெக்டர் மகன். ஹெக்டர், அலெக் மகன். அலெக், மார்சலி மகன்."

இதுவரை எழுந்த எவரும் ஒரு பெண் பெயரைச் சொல்லவில்லை. நானூறு பேரும் அடுத்த பெயருக்குக் காத்திருந்தார்கள். அவளிடம் அடுத்த பெயர் இல்லை. நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்பது தெரிந்தும் அவள் உட்காரவில்லை. மார்சலி சாமியார் முன்னால் நின்றதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. தலையை நிமிர்த்தினாள்.

"மார்சலி மக்நீல். எழுதிக்குங்க," என்றாள்.

மூச்சு நேரம் தொடங்கியது. கப்பல் ஸ்டீவனின் கைத்தடி தரையில் ஒரு முறை தட்டியது. அவர் எழுந்திருக்கப் போகிறார் என்று எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"மார்சலி, இயன் மகள்."

குரல் சமையலறைக் கதவிலிருந்து வந்தது. முர்டாக் புதுச் சட்டையில், டீக்கோப்பையைக் கையில் பிடித்தபடியே நின்றார். பின்னால் நின்ற பெண்கள் அவருக்கு வழி விட்டுவிட்டு, சாண்ட்விச் தட்டுகளோடு அப்படியே நின்றார்கள்.

"இயன், ரோரி மகன்," என்றார். பிறகு கேலிக்கை விட்டுவிட்டு, மகளைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார். "மார்சலி கோபம் நியாயம்தான். ஆனா அதுக்காக என் மகளை நடு மண்டபத்துல நிக்க விடறதுக்கு என்னால ஆகலை. செத்து மேல போனா நானே அவகிட்டத் திட்டு வாங்கிக்கறேன்."

இயன் என்றால் யார் இயன் என்று கேட்க அந்த ஊரில் யாருக்கும் அவசியமில்லை. ஸ்டீவன் வாய்க்கு வாய் சொல்கிற இயன். ஆலனின் அப்பா. கப்பல் வீட்டின் ஆணிவேர். இயனுக்கு மூன்று மகன்கள் என்றுதான் சுவரில் எழுதியிருந்தது, மூன்று கறுப்புக் கோடு. மறுக்க வேண்டும் என்றால் மறுக்க வேண்டியவர் ஒரே ஒருவர்தான்.

ஸ்டீவன் எழுந்தார். எழுந்திருக்க நேரமாயிற்று. பெர்னடெட் அப்பாவைப் பார்த்தாள். அவர் டீக்கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாக்கை உடைத்துக் கொண்டுவந்து வைத்த பெயர். இதை ஸ்டீவன் இல்லை என்றுவிட்டால் அப்பா இனி எந்த முகத்தோடு சாலையைக் கடப்பார் என்று நினைத்தாள்.

"எங்க வீட்டுல இயனுக்கு மூணு பசங்கன்னுதான் சொல்லுவாங்க," என்றார் ஸ்டீவன். நிறுத்தினார். "எங்கப்பா அதைச் சொல்லும்போது மட்டும் எங்க யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாரு. ஏன்னு கேட்டா அடி விழும்."

யாரோ இருமினார்கள்.

"பாட்டன் பைபிள் என்கிட்டதான் இருக்கு. பின் அட்டையில பிள்ளைங்க பேர். முதல் வரியை மையால அடிச்சிருக்கு. எந்தக் குடிகாரன் அடிச்சானோ, வெளிச்சத்துல பிடிச்சா நல்லாத் தெரியும்." அவர் தொண்டையைச் செருமினார். சொல்லப் போவதன் விலை அவருக்குத் தெரியும் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. "இயனுக்கு நாலு பிள்ளைங்க. மூத்தவ மார்சலி. எங்க ஆலன் அடுத்தவன்."

மூத்தவள் என்ற சொல் மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய் வந்தது. எண்பது வருஷமாக மூத்த வழி என்று சொல்லிக்கொண்டு திரிந்த வாய் அது. ஜெரார்ட் பேனாவைத் திறந்தார், ஏதோ கேட்க நினைத்தார், கேட்காமல் மூடினார்.

"முன்னாடியே தெரிஞ்சுதான் என்னை நீந்தி வந்தவன்னு சொன்னியா?" என்றார் முர்டாக் கதவிலிருந்து.

"ஏழு வயசுல எனக்கு என்னடா தெரியும்? பல்லு போன பிறகுதான் பைபிளைப் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"பார்த்துட்டு, உன்கிட்ட வந்து சொல்லணுமா? பல்லை உடைச்சவன்கிட்ட?" ஸ்டீவன் கைத்தடியால் தரையைத் தட்டினார். "கதவுல நின்னுக்கிட்டு வழி சொல்றது என்ன பழக்கம்? உள்ள வா. முதல்ல இருந்து சொல்லு. ஒழுங்கா நின்னு சொல்லு."

முர்டாக் கோப்பையை யாரோ ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு நடந்து வந்தார். சட்டைக் கழுத்துக்குப் பின்னால் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. பெர்னடெட் கை நீட்டி அதைப் பிய்க்கப் போனாள். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள். மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் அவர் தோள்கள் நேராயின.

முர்டாக், ஹெக்டர் மகன் என்று தொடங்கினார். ஹெக்டர், அலெக் மகன். அலெக், மார்சலி மகன். அந்தப் பெயரை அவர் அவசரப்படாமல் சொன்னார். மார்சலி, இயன் மகள் என்றபோது இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. ஸ்டீவன் உட்காரவேயில்லை. இயன், ரோரி மகன் என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். ரோரியோடு கப்பல் வந்துவிட்டது, அங்கே நிறுத்துவதுதான் வழக்கம். இரண்டு பேரில் ஒருவரும் நிறுத்தவில்லை. ரோரி, நீல் மகன் என்று முர்டாக் அரைச் சொல் முந்தினார். நீல், டோனல் மகன் என்று ஸ்டீவன் எட்டிப் பிடித்தார். முன் வரிசையில் பாராவிலிருந்து வந்த படகோட்டி மெல்ல எழுந்து தொப்பியைக் கழற்றினார். ஜெரார்ட் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கி, மூன்றாவது பெயரில் பின்தங்கி, எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்டார். அந்தப் பெயர்கள் எதுவும் அவர் சுவரில் இல்லை. இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், முகம் சிவந்து, மூச்சு வாங்க, மற்றவனை முன்னால் போக விடாமல், கடலைத் தாண்டிப் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.